கலைச்சொல் தேவை: ஒரே திகதியில், வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவை

அனுப்புநர்: வரலாற்று ஆசிரியை, காரைதீவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். தரம் பத்து, பதினொன்று மாணவர்களுக்காக நாங்கள் தொகுத்துவரும் நாட்கையேடு வருகிற வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு அச்சகத்துக்குப் போகவேண்டும். ஆண்டின் ஒவ்வொரு திகதிக்கும் ஒரு பக்கம். அத்திகதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்த குறிப்பிடத்தக்க வரலாற்று நிகழ்வுகள் அப்பக்கத்தில் இடம்பெறும். பக்கத் தலைப்புக்கு 'இன்றைய நாளில்' என்று போட்டுவிடலாம். என் இடர்ப்பாடு முன்னுரையில்தான் உள்ளது. நிகழ்வுகள் இவ்வாறு ஒரே திகதியில் அமைவதைக் குறிக்க எனக்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும். அதிலிருந்து ஒரு பெயரடையும் எளிதாகப் பிறக்கவேண்டும்.

ஜூலை 19ஆம் பக்கத்தைப் பாருங்கள். 1947ஆம் ஆண்டு அத்திகதியில் எங்கள் ஊரில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மறைந்தார். அதே ஆண்டு அதே திகதியில் ரங்கூனில் அமைச்சரவைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது பர்மியத் தலைவர் ஆங் சான் சுட்டுக்கொல்லப்பட்டார். மியன்மாரில் இன்றும் அது தியாகிகள் நாள். அதே பக்கத்தில் 1870இல் பிரான்சு பிரசியாவின்மீது போர் அறிவித்ததும் வருகிறது. முன்வரைவை வாசித்த மாணவி ஒருவர் "இவற்றுக்குள் என்ன தொடர்பு, டீச்சர்?" என்று கேட்டார். திகதியைத் தவிர வேறு தொடர்பு இல்லை என்பதை ஒரே சொல்லில் சொல்லிவிட முடியுமானால் முன்னுரையில் பாதிப் பக்கம் மிச்சமாகும். வியாழன் மாலைக்குள் உங்கள் முடிவைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள ஆசிரியைக்கு, சொல் நம் இலக்கணத்திலேயே காத்திருக்கிறது. ஆள் என்பதனோடு மை சேர ஆண்மை ஆயிற்று. கேள் என்பதனோடு மை சேரக் கேண்மை ஆயிற்று. அதே வழியில் நாள் என்பதனோடு மை சேர நாண்மை ஆகும். ஒரே நாளை உடைமை 'ஒருநாண்மை' ஆகும். நாண்மீன், நாண்மலர் என்று சான்றோர் வழங்கிய சொற்களில் இந்தத் திரிபை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பிறந்த நாளைக் கொண்டாடும் துறைக்குத் தொல்காப்பியர் 'பிறந்த நாள்வயின் பெருமங்கலம்' என்று சொன்னபோதே, ஆண்டுதோறும் திரும்பிவரும் நாள் என்ற கருத்தை 'நாள்' என்னும் சொல்லில் ஏற்றிவிட்டார். அச்சொல் கையில் இருக்கும்போது திதியின் திரிபான 'திகதி'யை நாம் ஏன் தேடிப் போகவேண்டும்?

விபுலாநந்த அடிகளார் 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். அவர் பிறந்த ஊரிலிருந்து வெளிவரும் கையேட்டில், அதுவும் அவர் மறைந்த நாளின் பக்கத்தை விளக்குவதற்கு, ஒரு தூய தமிழ்ச்சொல் அமைவது பொருத்தமென்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

அனுப்புநர்: இளம் ஆசிரியர், செங்கலடி

'நாட்பொருத்தம்' என்றால் எல்லோருக்கும் விளங்குமே, ஐயா?

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சாய்ந்தமருது

தம்பி, விளங்கும், வேறாக விளங்கும். கல்யாணப் பொருத்தம் பத்தில் முதலாவது தினப்பொருத்தம். பொருத்தம் என்ற சொல் வந்தவுடனேயே இரண்டையும் யாரோ சேர்த்துவைத்தார்கள் என்ற எண்ணம் எழும். ஆசிரியை கேட்பதோ அதற்கு நேர்மாறானது: சேர்ந்தது திகதி மட்டும்தான் என்று சொல்லவேண்டும். 'உடனிகழ்ச்சி'யையும் இதே காரணத்துக்காக ஒதுக்குகிறேன். மூன்றாம் வேற்றுமையின் உடனிகழ்ச்சிப் பொருளைப் படித்த மாணவர், ஆசிரியரோடு மாணவர் வந்ததைப்போல இரண்டும் ஒருங்கே நடந்தன என்றே கொள்வார். 1870க்கும் 1947க்கும் இடையில் அந்த 'ஓடு' பொருந்தாது.

களுவாஞ்சிக்குடி ஐயாவின் ஒருநாண்மை இலக்கணத்தில் குறையற்றது. ஆனால் பத்தாம் தரத்துப் பிள்ளை 'நாண்மை' என்று கண்டால் நாணத்தைத்தான் நினைக்கும். நாள் + நிகழ்வு என்பதை விதிப்படி புணர்த்தி 'நாணிகழ்வு' என்று எழுதிப் பாருங்கள். நாணும் இகழ்வும் சேர்ந்து நிற்கின்றன. 'உடனாள்' என்றால் கூடவந்த ஆள் என்றாகிவிடும்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. நாள் வேறு, திகதி வேறு. இந்தக் கையேட்டுக்கு அந்த வேறுபாடே உயிர். ஷேக்ஸ்பியர் மறைந்ததாகப் பதிவான திகதி 1616 ஏப்ரல் 23. செர்வாண்டிசின் மறைவுக்கும் மரபாக அதே திகதியே சொல்லப்படுகிறது. யுனெஸ்கோ ஏப்ரல் 23ஐ உலகப் புத்தக நாளாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் இங்கிலாந்தில் அப்போது பழைய ஜூலியன் கணக்கும் ஸ்பெயினில் புதிய கிரகரிக் கணக்கும் வழங்கின. இரண்டுக்கும் இடையில் பத்து நாள் வித்தியாசம். ஆகவே அவ்விருவருக்கும் திகதி ஒன்று, நாள் ஒன்றல்ல. ரஷ்யாவின் 'ஒக்டோபர்' புரட்சி நம் கணக்கில் நவம்பர் 7. இவற்றையெல்லாம் 'ஒருநாண்மை' என்றால் சொல்லே பிழையான தகவலைச் சொல்கிறது.

எங்கள் ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 354 நாட்களைக் கொண்டது. மூஸா நபி எகிப்திய மன்னன் பிர்அவ்னிடமிருந்து மீண்டதும், ஹிஜ்ரி 61இல் கர்பலாவில் ஹுசைன் அவர்கள் உயிர்நீத்ததும் முஹர்ரம் பத்தாம் பிறையில் என்று கொள்கிறோம். அதுவும் திகதி ஒத்தல்தான். கணக்கு மட்டும் வேறு. எனவே 'திகதியொப்பு' என்று பெயர்ச்சொல்லும் 'திகதியொத்த நிகழ்வுகள்' என்று பெயரடையும் கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. இந்த மாவட்டங்களில் படிவம் நிரப்பிய எவரும் திகதி என்ற சொல்லை அறிவார்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

அப்படிவங்களின் அடியில் இடப்பக்கம் 'திகதி' என்றும் வலப்பக்கம் 'ஒப்பம்' என்றும் அச்சிட்டிருப்பதையும் அன்பர் நினைவில் கொள்ளவேண்டும். திகதியொப்பு என்றதும் பிள்ளை கையெழுத்தை நினைக்காதா? நாணத்தை நினைப்பது என் சொல்லுக்குக் குறையென்றால் இது அவர் சொல்லுக்கும் குறையே.

நாள், திகதி வேறுபாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நாள் என்ற எண்ணத்தைத் தமிழ் மரபு நுட்பமாகவே கையாண்டிருக்கிறது. சுந்தரருக்கும் சேரமான் பெருமாளுக்கும் குருபூசை ஆடிச் சுவாதி. சம்பந்தருக்கும், அவரோடு நல்லூர்ப் பெருமணத்தில் சோதியிற் கலந்த திருநீலநக்கர், முருகர், திருநீலகண்ட யாழ்ப்பாணர் ஆகியோருக்கும் வைகாசி மூலம். மாதமும் விண்மீனும் சேர்ந்து ஒரு நாளை நிறுத்துகின்றன, எண் தேவைப்படவில்லை. இம்மரபின் சொல் 'நாள்' ஆகும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சாய்ந்தமருது

ஐயா சொன்ன சான்றுகளையே என் பக்கத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆடிச் சுவாதி ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு திகதியில் வரும். வைகாசிப் பௌர்ணமியும் அவ்வாறே. புத்தர் பிறந்ததும் ஞானம் பெற்றதும் பரிநிர்வாணம் அடைந்ததும் ஒரே வெசாக் பௌர்ணமியில் என்று பௌத்தர்கள் கொள்கிறார்கள்; சில ஆண்டுகளில் அதே பௌர்ணமியையொட்டி நம் கண்ணகி கோவில்களில் குளிர்த்திச் சடங்கும் நடக்கும். இவையெல்லாம் நாளால் ஒத்தவை, திகதியால் ஒத்தவையல்ல. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் பிள்ளைகளுக்கு வேறுபாட்டை எவ்வாறு கற்பிப்பது?

அனுப்புநர்: சொல்லாய்வு ஆர்வலர், அக்கரைப்பற்று

திகதி வடசொல் என்ற தடையை நீக்க என்னிடம் ஒரு வழி உண்டு. 'திகை' என்றொரு தமிழ் வினை உள்ளது. தீர்மானமாதல், முடிவாதல் என்பது அதன் ஒரு பொருள். விலை திகைந்தது என்று தெற்குத் தமிழகத்தில் சொல்வார்கள். திகைந்த நாள் திகைதி. ஐகாரம் குறுகத் திகதி. தவணை குறித்தல் என்ற பொருளும் இதனோடு இசைகிறது. திக்கு, திகழ், திங்கள் ஆகியவற்றையும் இவ்வேரோடு சேர்த்து எண்ணலாம் என்பது என் கருத்து. திங்களிலிருந்து மாதம், மாதத்திலிருந்து நாட்கணக்கு என்று தொடர்ந்தால்...

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

தூய தமிழில் உள்ள பற்றினாலேயே இதை எழுதுகிறேன்: அக்கரைப்பற்று அன்பரின் வழியில் என்னால் வர இயலாது. தமிழகத்தில் தேதி, நம்மிடம் திகதி, இரண்டுக்கும் பின்னால் திதி. இந்த வரிசை தெளிவானது. ஒரு சொல்லின்மேல் விருப்பம் உண்டென்பதற்காக அதற்கு வேறொரு தாயை நியமித்துவிட முடியாது. திகதி வடசொல் வழி வந்ததென்று ஒப்புக்கொண்டே, வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்போம்.

அனுப்புநர்: கணித ஆசிரியர், மட்டக்களப்பு

இத்தகைய ஒத்தல் வியப்புக்குரியதே அல்ல என்பதை முன்னுரையில் எழுதவேண்டும் என்று வலியுறுத்த விரும்புகிறேன். இருபத்துமூன்று பேர் உள்ள அறையில் இருவருக்குப் பிறந்த திகதி ஒன்றாயிருக்கும் நிகழ்தகவு பாதியைத் தாண்டுகிறது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது ஏறத்தாழ 89 சதவீதம். ஓராண்டில் 366 பக்கங்களே உள்ளன. வரலாற்று நிகழ்வுகளோ எண்ணிலடங்கா. பெப்ரவரி 4இல் யால்தா மாநாடு (1945), இலங்கையின் சுதந்திரம் (1948), பேஸ்புக்கின் தொடக்கம் (2004) மூன்றும் விழுகின்றன. அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4இல் முன்னாள் அமெரிக்க சனாதிபதிகளான அடம்சும் ஜெபர்சனும் ஒரே திகதியில் இறந்தது கூடுதல் அரிது. அதையும் விதி என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் எல்லாம் தற்செயல் என்று சொல்லும் சொல்லும் பிழையாகும். இந்தியாவின் சுதந்திரத்துக்கு மவுண்ட்பேட்டன் 1947 ஓகஸ்ட் 15ஐத் தேர்ந்தது, 1945இல் யப்பான் சரணடைவை அறிவித்த திகதியின் இரண்டாம் ஆண்டு என்பதை எண்ணித்தான். அங்கே முதல் நிகழ்வு இரண்டாவதன் திகதிக்குக் காரணமாகிறது. ஆகவே 'தற்செயல்' என்ற அடையைச் சொல்லுக்குள் புகுத்தவேண்டாம். ஒப்பு என்பது இரண்டையும் தாங்கும். அதனால் சாய்ந்தமருதுச் சொல்லை ஆதரிக்கிறேன்.

அனுப்புநர்: வாசகர், திருக்கோவில்

நான் சொல்லாக்கத்தில் பயிற்சி உள்ளவன் அல்ல. டிசம்பர் 26ஆம் பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1898இல் ரேடியம் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது, 1991இல் சோவியத் ஒன்றியம் முறைப்படி கலைந்தது, 2003இல் ஈரானின் பாம் நகரத்தை நிலநடுக்கம் அழித்தது, 2004இல் சுனாமி என்று நான்கு வரி உள்ளது. இலங்கையிலே ஆகக்கூடிய உயிர்கள் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். அந்த வரியை ரேடியத்துக்குக் கீழே வைத்து 'திகதியொத்த நிகழ்வு' என்று அழைப்பதை என் மனம் ஏற்கவில்லை. எங்களுக்கு அது நினைவுநாள். ஒப்பிடுவதற்கான நிகழ்வு அல்ல. பாம் நிலநடுக்கமும் சுமாத்திரா நிலநடுக்கமும் சரியாக ஓராண்டு இடைவெளியில் வந்ததால் அத்திகதியே கெட்ட திகதி என்று பேசுவோரும் எங்கள் கரையோரத்தில் உண்டு. அப்பேச்சுக்குக் கையேடு இடங்கொடுக்கக்கூடாது.

அனுப்புநர்: வரலாற்று ஆசிரியை, காரைதீவு

திருக்கோவில் ஐயா எழுதியதை இருமுறை வாசித்தேன். டிசம்பர் 26ஆம் பக்கத்தில் சுனாமியைத் தனிக் கட்டத்தில், 'நினைவுநாள்' என்ற தலைப்பில், பட்டியலுக்கு வெளியே வைக்கிறேன். நவம்பர் 23ஆம் பக்கத்தில் 1978ஆம் ஆண்டு மட்டக்களப்புச் சூறாவளிக்கும் அவ்வாறே. பாம் 6.6 அளவிலும் சுமாத்திரா 9.1 அளவிலும் அமைந்த, வெவ்வேறு புவித்தட்டுகளின் வெவ்வேறு அசைவால் உண்டான நடுக்கங்கள் என்று இரண்டு வரி சேர்க்கிறேன். முதலாவதில் அரேபியத் தட்டு யூரேசியத் தட்டை நெருக்குகிறது, இரண்டாவதில் இந்தியத் தட்டு சுமாத்திராவின் கீழ் அமிழ்கிறது. திகதி ஒத்ததற்கும் நிலம் அசைந்ததற்கும் தொடர்பில்லை என்று பிள்ளைகள் அங்கேயே படிக்கட்டும்.

சொல்லைப் பொறுத்தவரை, பெரும்பாலோர் திகதியொப்பு என்கிறீர்கள். விருப்பத்தோடு சொல்பவர்களைவிட வியாழன் மாலை வந்துவிட்டதென்று சொல்பவர்களே அதிகம் என்பது எனக்குத் தெரிகிறது. முன்னுரையில் 'திகதியொப்பு' என்றும் பக்கத் தலைப்பில் 'ஒருதிகதி நிகழ்வுகள்' என்றும் போடுகிறேன். ஒளித்தொகுப்பு என்று நாமும் ஒளிச்சேர்க்கை என்று தமிழகத்தாரும் இன்றுவரை எழுதிவருகிறோம். தமிழகத்தில் இதைத் தேதியொப்பு என்று எடுத்துக்கொண்டாலும் எனக்குத் தடையில்லை.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், களுவாஞ்சிக்குடி

அச்சுக்கு இடையூறாக நிற்கமாட்டேன். ஆயினும் என் மறுப்பைப் பதிவு செய்யவேண்டும். ஆண்மை என்ற சொல்லை 'ஆள்' என்பதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்தோம். நாண்மையையும் அவ்வாறே கற்பித்திருக்கலாம். விளங்காது என்று நாம் ஒதுக்கும் சொற்களில் பல, நாம் வழங்காததனாலேயே விளங்காதவை. கையேட்டின் இறுதியில் உள்ள சொற்பட்டியலில் திகதியொப்புக்கு எதிரே ஒருநாண்மையையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்கிறேன். மறுபதிப்பு வரும்போது இதை மீண்டும் எடுப்பேன்.

சாய்ந்தமருது அன்பரின் வேறுபாட்டை ஏற்றால் ஒரு திருத்தமும் செய்யவேண்டும். மனிதர் நிலவில் இறங்கியதை 1969 ஜூலை 20ஆம் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். அது கிரீனிச் கணக்கிலும் அமெரிக்கக் கணக்கிலும் சரி. கலம் தரையைத் தொட்டபோது இலங்கையில் நள்ளிரவு கடந்து ஒன்றே முக்கால் மணி, அதாவது ஜூலை 21. எந்த ஊர்த் திகதியை இந்நூல் கொள்கிறது என்று முன்னுரையில் ஒரு வரி எழுதிவிட்டு அச்சகத்துக்கு அனுப்புங்கள்.