புல்வெளிக்குச் சுண்ணாம்பு: சுங்கை பாக்காப்பில் நாங்கள் பார்த்தது

மேய்ச்சல் தரையில் சுண்ணாம்பு போட்டால் புல் வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வரும். ஆனால் யூரியா போட்ட மாதிரி ஒரே வாரத்தில் பச்சை கட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள்.

எங்கள் மாட்டுப் பட்டி பினாங்கின் பெருநிலப் பக்கம், சுங்கை பாக்காப்பில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. சிவப்பு மேட்டு மண். மேய்ச்சல் தரையில் லாலான் புல்லும் செண்டுடுக் புதரும் என்று களைகள்தான் செழித்தன. நேப்பியர் தீவனப் புல் மஞ்சளாகவே நின்றது. அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து இன்னொரு மூட்டை யூரியாதான். அந்த யூரியாவே வருஷா வருஷம் மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தன்மையைக் கூட்டும் என்பதை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைசியில் பல இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து பரிசோதனைக்குக் கொடுத்தோம். பி.எச். 4.3, அதாவது கடும் புளிப்பு. இந்த மழைக்குக் கால்சியம் கழுவிக்கொண்டு போவதால், நம் பக்கத்து மேட்டு மண்ணில் இது சாதாரணம்.

புளிப்பு இந்த அளவுக்குப் போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன்: வேரெல்லாம் குட்டை, நுனி தடித்துப் பழுப்பு, பக்கவேர் என்று பேருக்குக்கூட இல்லை. அப்படிப்பட்ட வேருக்கு எந்த உரம் போட்டு என்ன செய்ய?

புளிப்பை முறிக்கத்தான் சுண்ணாம்பு. வாங்கப் போனபோது கடைக்காரர் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை எடுத்துக் காட்டி, "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். ஒன்றில்லை. அது நீற்றிய சுண்ணாம்பு, காரம் அதிகம். தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். மேய்ச்சல் தரைக்கு வேண்டியது அரைத்த சுண்ணாம்புக்கல் தூள். ஜி.எம்.எல். என்று கேட்டால் மெக்னீசியமும் சேர்ந்த தூள் கிடைக்கும். விரலில் தேய்த்துப் பாருங்கள். நெருநெருவென்றால் வேலை செய்ய வெகுநாள் ஆகும்.

எங்கள் மண்ணுக்கு ஏக்கருக்கு ஒரு டன் என்று கணக்கு வந்தது. உங்கள் மண்ணுக்கு அதையே போடாதீர்கள். காற்று எழும்புமுன் காலையிலேயே தூவினோம். அப்படியும் அப்பாவின் புருவம் வெள்ளையாகிவிட்டது. நல்ல மழை பெய்து இலை கழுவும்வரை மாடுகளை உள்ளே விடவில்லை. யூரியாவை உடன் சேர்க்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

உழுது கலந்த துண்டில் அடுத்தடுத்த அறுப்பிலேயே நேப்பியர் தேறியது. மேலே தூவியதோடு விட்ட பழைய தரையில் ஏறக்குறைய ஒரு வருஷம் பொறுமையைச் சோதித்தது. சுண்ணாம்பு மண்ணுக்குள் அவ்வளவு மெதுவாகத்தான் இறங்கும். புல்லோடு வளரும் சென்ட்ரோ என்ற பயறுவகைக் கொடிதான் முதலில் மாறியது. அதன் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளினால் இப்போது உள்ளே இளஞ்சிவப்பு தெரிகிறது. காற்றிலிருந்து தழைச்சத்து சேர்கிறது என்று அர்த்தம். அப்பாவும் யூரியாவைப் பாதியாகக் குறைத்துவிட்டார், காரணம் மட்டும் விலை என்கிறார்.

அப்புறம், கடலோரத் தாழ்நிலம் வைத்திருப்பவர்களுக்கு: வாய்க்கால் தண்ணீர் துருநிறமாக ஓடி, தோண்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சளாகத் திட்டுகள் தெரிந்தால் அது கந்தக அமில மண்ணாக இருக்கலாம். அதற்குச் சுண்ணாம்பு கொட்டிக் கட்டுப்படியாகாது. பரிசோதனை முடியும்வரை வாய்க்காலை மேலும் ஆழப்படுத்தாதீர்கள். அடிமண்ணில் காற்றுப் பட்டால் அமிலம் இன்னும் ஊறும்.