நெருக்கமான குடியிருப்பில் பசுமையை எங்கே வைப்பது?

வரைகோல்:
கட்டடக்கலை கடைசி வருடம். 2 ஏக்கரில் 240 வீடுகள், அதுதான் என் ப்ராஜெக்ட். 20 மாடியில் மூன்று டவர் போட்டு மீதி இடத்தை எல்லாம் புல்வெளியாக விடலாம் என்பது என் யோசனை. கைடு ஒவ்வொரு பால்கனியிலும் மரம் வைக்கச் சொல்கிறார். அடியில் மனை முழுக்க பேஸ்மென்ட் பார்க்கிங். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் குடியிருப்பவர்களின் மனதுக்கு இதில் எது உண்மையிலேயே உதவும்?

செங்கல்சூளை:
எத்தனை சதுர மீட்டர் புல் என்பதை விடுங்கள், எந்த ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. ஆட்கள் கொஞ்சம்தான், அதுவும் மருத்துவமனை, அதனால் அதை அப்படியே வீட்டுக்குப் பொருத்திவிட முடியாது, ஆனாலும் திசை சரி.

15ஆவது மாடிக்காரர் உங்கள் புல்வெளியை மேலிருந்து பச்சைத் திட்டாகப் பார்ப்பார், இறங்கி வரமாட்டார். 6 மாடிக் கட்டடத்தை மனையின் ஓரத்தைச் சுற்றி வளைத்து நடுவில் முற்றம் விட்டால் 240 வீடும் அநேகமாக அடங்கிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். சமையலறையில் நின்றபடியே கீழே விளையாடும் பிள்ளையைக் கூப்பிடலாம். ஒன்று மட்டும்: கட்டடம் 18 மீட்டர் உயரம் என்றால் முற்றத்தின் அகலமும் குறைந்தது அவ்வளவு இருக்கட்டும், இல்லையென்றால் கீழ்வீடுகளில் பகலிலேயே லைட் போட வேண்டிவரும்.

மண்புழு:
லேண்ட்ஸ்கேப் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் அந்த பேஸ்மென்ட்டைச் சுருக்குங்கள். பேஸ்மென்ட்டை மூடும் கான்கிரீட் ஸ்லாபின் மேல் புல்லுக்கு 30 செ.மீ. மண் போதும், மரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும், ஈர மண் கன மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் வரை வரும், அந்தப் பாரத்தை ஸ்ட்ரக்சர் இன்ஜினியரிடம் இப்போதே சொல்லாவிட்டால் கடைசியில் மரமெல்லாம் தொட்டிச் செடியாகிவிடும். பார்க்கிங்கை கட்டடங்களுக்கு அடியில் ஒதுக்கிவிட்டு முற்றத்தின் நடுவைத் தோண்டாமல் விடுங்கள். வேர் நேராகத் தரைக்குள் போகும், மழைநீரும் அங்கேயே இறங்கும்.

பால்கனி மரமா? இத்தாலியின் மிலானில் 2014இல் முடிந்த போஸ்கோ வெர்டிகாலே என்ற இரட்டைக் குடியிருப்பு டவர் அதற்குப் பெயர் போனது. அங்கே கிளை வெட்ட ஆட்கள் மாடியிலிருந்து கயிற்றில் தொங்கி இறங்குகிறார்கள், பராமரிப்பு முழுவதும் நிர்வாகத்தின் கையில். சீனாவில் செங்டுவில் இதே மாதிரி ஒரு குடியிருப்பில் பெரும்பாலான வீடுகளில் ஆள் குடிவரவில்லை, செடிகள் காடாக மண்டி கொசுத் தொல்லை என்று 2020இல் செய்தி வந்தது. தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று கைடிடம் கேளுங்கள், பதில் சுவாரசியமாக இருக்கும்.

ஏழாவதுமாடி:
டவர் என்றாலே தப்பு என்பது போல் செங்கல்சூளை சொல்வதை ஏற்கமாட்டேன். வியன்னாவில் கட்டடக்கலைஞர் ஹாரி க்ளூக் வடிவமைத்த ஆல்ட்-எர்லா குடியிருப்பில் 3,000க்கும் மேல் வீடுகள், ரொம்ப உயரமான கட்டடங்கள்தான். ஆனால் கீழ்மாடிகள் படிப்படியாக உள்வாங்கிப் போக, அந்த மாடிகளில் வீடுகளுக்குப் பெரிய செடித்தொட்டியோடு திறந்த மொட்டைமாடி உண்டு, உச்சியில் நீச்சல் குளம், நடுவில் பூங்கா. அங்கே குடியிருப்பவர்கள் அதை விரும்பித்தான் இருக்கிறார்கள். உயரத்தைவிட, கதவைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற பச்சை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அப்புறம் பெஞ்ச். தோட்டத்தின் கோடியில் கொண்டுபோய்ப் போடாதீர்கள், லிஃப்டை விட்டு வெளியே வரும் வழியில், நிழலில், சாய்ந்துகொள்ள முதுகோடு போடுங்கள். நான் இருக்கும் வளாகத்தில் புல்வெளி பெரியது, நடுவில் 'புல்லில் நடக்காதீர்கள்' என்று பலகை, எல்லோரும் பேசிக்கொண்டு நிற்பது தபால்பெட்டிப் பக்கம்.

வரைகோல்:
நன்றி, முற்றம் வைத்தே வரைகிறேன், பேஸ்மென்ட்டையும் சுருக்குகிறேன். ஆனால் உள்ளே தீயணைப்பு வண்டி வர வழி விட்டால் முற்றத்தில் பாதி போய்விடுமே?

மண்புழு:
போகாது. வண்டிப் பாதையில் கிராஸ் பேவர், அதாவது நடுவில் ஓட்டை விட்ட தரைக்கல் போடுங்கள், இடைவெளியில் புல் வளரும், கீழே ஜல்லி அடுக்கு வண்டியின் எடையைத் தாங்கும், மற்ற நாளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டட்டும். அந்தப் பட்டையிலும் வண்டி திரும்பும் இடத்திலும் மட்டும் மரம் வேண்டாம். வண்டியின் அகலமும் திரும்பும் ஆரமும் எவ்வளவு என்று தீயணைப்புத் துறை விதியில் பார்த்துவிட்டு அப்புறம் மரங்களைக் குறியுங்கள்.