மாணவப் படத்திலிருந்து தொடர் வரை: கென்டி டார்டகோவ்ஸ்கியிடம் எதைப் படிப்பது?

மைக்கூடு:
‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’ கார்ட்டூன் தொடர், அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் கென்டி டார்டகோவ்ஸ்கி கால்ஆர்ட்ஸ் கலைக்கல்லூரியில் படித்தபோது எடுத்த குறும்படத்திலிருந்து வளர்ந்தது. பிறகு அவருடைய தொடர்கள் சாமுராய் ஜாக், குளோன் வார்ஸ், ப்ரைமல் என்று போகின்றன. எனக்கு மூன்று சந்தேகம். குறும்படம் எந்தப் படிகளில் தொடரானது? ஸ்கிரிப்ட் இல்லாமல், ஸ்டோரிபோர்டை (காட்சி காட்சியாக வரைந்த படங்களை) மட்டும் வைத்து 22 நிமிட எபிசோடை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறார்கள்? அனிமேட்டிக்கில் (போர்டு படங்களை நேரக் கணக்கோடு ஓட்டிப் பார்க்கும் மாதிரியில்) சரியாக ஓடும் காட்சி, அனிமேஷன் ஆகி வந்ததும் அவசரமாகப் பதறுவது ஏன்?

சட்டகம்24:
முதல் கேள்விக்கு. படிப்பு முடிந்ததும் அவருக்குத் தொடர் கிடைத்துவிடவில்லை. ஸ்பெயினில் ஒரு ஸ்டுடியோவில் பேட்மேன் தொடருக்கு வேலை பார்த்தார். பிறகு ஹன்னா-பார்பெராவில் ‘2 ஸ்டுபிட் டாக்ஸ்’. அதாவது அடுத்தவர் தொடரில் கை பழகினார். அந்தச் சமயத்தில் அங்கே ‘வாட் எ கார்ட்டூன்’ என்ற குறும்பட வரிசை தொடங்கியது. ஏழு நிமிடம், ஒரு யோசனை, பிடித்தால் தொடர். கையில் தயாராக இருந்த டெக்ஸ்டர் 1995-ல் அதில் வெளியாகி, 1996-ல் தொடரானது.

குறும்படத்தில் தேறியது கதையைவிட ஜோடிதான். முதலில் அவர் வரைந்தது பாலே ஆடும் நெட்டைப் பெண்ணை. அவளுக்கு நேர் எதிராக ஒரு குட்டைக் கட்டம், அதுதான் டெக்ஸ்டர். ஒருத்தி வளைகோடு, ஒருவன் பெட்டி. இருவரையும் ஒரே அறையில் விட்டால் மோதல் தானாக வரும். பைலட்டுக்கு (மாதிரி எபிசோடுக்கு) கொடுக்கும் முன் இதைச் சோதியுங்கள்: உங்கள் இரண்டு பாத்திரங்களையும் வெறும் கருப்பு நிழலாக வரைந்து, யார் யார் என்று தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் வசனம் எழுதிச் சரிசெய்ய முடியாது.

தாளக்கட்டு:
ஸ்கிரிப்ட் இல்லை என்றால் எழுத்தே இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டு மூன்று பக்கத்துக்குக் கதைச்சுருக்கம் இருக்கும். எபிசோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நடுவில் எங்கே திரும்புகிறது என்பது அதிலேயே முடிவாகிவிடும். வசனம், கேமரா கோணம், சண்டையின் வரிசை எல்லாம் போர்டு கலைஞர் கையில். இங்கே முதல் ஆபத்து நீளம். போர்டு கலைஞர் தனக்குப் பிடித்த காட்சியை ஊதிவிடுவார். அதனால் பென்சில் ரஃபிலேயே ஸ்டாப்வாட்ச் வைத்து நடித்துப் பார்க்க வேண்டும். கோடுகளைச் சுத்தமாக வரைந்து க்ளீன்-அப் ஆன பிறகு வெட்டினால் அத்தனை உழைப்பும் வீண்.

பதறுவதற்குக் காரணம் கணக்கு. அனிமேட்டிக்கில் நிற்கும் படத்தைக் கண் உடனே படித்துவிடும், அதனால் 12 ஃப்ரேம் (நொடிக்கு 24 என்ற கணக்கில் அரை நொடி) போதும் என்று தோன்றும். ஆனால் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன் உடல் முன்னால் சாய வேண்டும், எடை காலுக்கு மாற வேண்டும், எழுந்தபின் அடங்க வேண்டும். சாதாரணமாக எழுவதற்கு 24-லிருந்து 36 ஃப்ரேம் ஆகும். நீங்கள் 12 கொடுத்தால் அனிமேட்டர் முன்சாய்வையும் அடக்கத்தையும்தான் தியாகம் செய்வார், பாத்திரம் துள்ளி விழும். காட்சி இழுவையாகத் தெரிவது இதற்கு நேர்மாறு: அசைவு முடிந்த பிறகும் ஷாட் வெட்டப்படாமல் நிற்கும்.

சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம். எக்ஸ்போஷர் ஷீட்டில் (எந்த ஃப்ரேமில் எந்தப் படம் என்று குறிக்கும் தாளில்) இப்படி ஒவ்வொரு அசைவுக்கும் எண் எழுதிவிட்டு, பிறகு அனிமேட்டிக்கைத் திருத்துங்கள். 22 நிமிடம் என்றால் 31,680 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேம் பிடித்தாலும், எல்லாம் அசைந்தால் 15,840 படங்கள். அதனால்தான் அசையாமல் நிற்கும் ஷாட்டுகளைத் திட்டமிட்டே வைப்பார்கள். சாமுராய் ஜாக்கில் காற்றும் மூச்சும் மட்டும் கேட்கும் நீண்ட நிலைகளை ரசிக்கிறோம். அவை கலையும்தான், அடுத்து வரும் சண்டைக்குப் படங்களைச் சேமிக்கும் வழியும்தான்.

வெளிக்கோடு:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சாமுராய் ஜாக்கின் பாத்திரங்களுக்குக் கருப்பு வெளிக்கோடு கிடையாது. அதைப் பார்த்துவிட்டுக் கோட்டை மட்டும் அழிக்கிறவர்கள் நிறையப் பேர். உடனே பாத்திரம் பின்னணியில் மூழ்கிவிடும். கோடு செய்த வேலையை இப்போது வெளிச்ச அளவு செய்ய வேண்டும். ஃப்ரேமைக் கருப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள்; முகமும் சுவரும் ஒரே சாம்பலாக இருந்தால் நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோல்விதான். அடுத்தது, வெள்ளை அங்கிக்கு முன்னால் வெள்ளைக் கை வந்தால் கை காணாமல் போகும். கையை உடலை விட்டு விலக்கிப் போஸ் வையுங்கள், அல்லது உள்ளே நிறக்கோடு கொடுங்கள்.

ஜாக் நிஞ்சாவோடு மோதும் எபிசோடைப் பாடமாகவே பார்க்கலாம். நிஞ்சா நிழலில் மறைகிறான், ஜாக் வெளிச்சத்தில் மறைகிறான். திரையில் இருப்பது கருப்பு முக்கோணங்களும் வெள்ளைப் பட்டைகளும்தான், ஆனாலும் யார் எங்கே என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு ஷாட்டையும் நிறுத்தி சிறு கட்டத்தில் வரைந்து பாருங்கள்.

மைக்கூடு:
அனிமேஷனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது இந்த அளவு நுணுக்கம் தாங்குமா?

தாளக்கட்டு:
தாங்கும், அனுப்பும் கட்டு தெளிவாக இருந்தால். டெக்ஸ்டரும் ஜாக்கும் கொரியாவில் ரஃப் டிராஃப்ட் ஸ்டுடியோவில் அனிமேட் ஆனவை. மாடல் ஷீட் (பாத்திரத்தைப் பல கோணங்களில் காட்டும் தாள்), பின்னணி லேஅவுட், முக்கிய போஸ்கள், ஒலிப்பதிவு, எக்ஸ்போஷர் ஷீட் எல்லாம் சேர்ந்து போக வேண்டும். ‘கோபமாகத் திரும்புகிறான்’ என்று எழுதினால் பத்து விதமாக வரும். தலை எந்த ஃப்ரேமில் கிளம்புகிறது, கண் அதற்கு எத்தனை ஃப்ரேம் முன்னால் போகிறது என்று எழுதுங்கள். ரீடேக்கில் (ஷாட்டைத் திரும்பச் செய்யும்போது) அவர்கள் பிழை என்றால் அவர்கள் திருத்துவார்கள். ஷீட்டில் நீங்கள் எழுதாமல் விட்டது என்றால் பொதுவாகச் செலவு உங்கள் தலையில்.

சட்டகம்24:
உரிமை விஷயத்தையும் இப்போதே யோசித்து வையுங்கள். நிறுவனத்தின் குறும்படத் திட்டத்தில் நுழைந்தால் பாத்திரம் பெரும்பாலும் நிறுவனத்துக்கே சொந்தமாகும். முதல் இரண்டு சீசனோடு டார்டகோவ்ஸ்கி டெக்ஸ்டரை விட்டு விலகினார். 2001-ல் தொடர் வேறு பொறுப்பாளரிடம் தொடர்ந்தது. 2001-ல் தொடங்கிய ஜாக் 2004-ல் முடிவு சொல்லாமலே நின்று, 2017-ல்தான் பத்து எபிசோடில் முடிந்தது. நடுவில் அவர் ஹோட்டல் டிரான்சில்வேனியா படங்களை இயக்கினார். இத்தனை வருஷம் கழித்தும் கதையை விட்ட இடத்தில் பிடித்தாரே, அந்த வைராக்கியம் பெரிது.

ஆனால் ஒப்பந்தத்தில் வைராக்கியத்துக்கு இடமில்லை. ‘உருவாக்கியவர்’ என்ற பெயர் ஒவ்வொரு எபிசோடிலும் வருமா, அடுத்த சீசனுக்கு உங்களை முதலில் கேட்பார்களா, தொடராகாவிட்டால் பாத்திரம் எத்தனை ஆண்டில் உங்களிடம் திரும்பும் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவதைத்தான் பலரும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.