கோகலிமாவியா: ஒரு சார்ட்டர் விமான நிறுவனத்தைப் பற்றி என் நினைவுகள்

2013 முதல் 2019 வரை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படித்தேன். இரண்டாம் ஆண்டிலிருந்து ஒரு வயதான அம்மாவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கினேன். அவரை நான் பாபுஷ்கா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுவேன். என்னை அவர் 'தோச்கா' என்பார், மகளே என்று அர்த்தம். பென்ஷன் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, குளிர் தொடங்கும்போது ஒரு வாரம் எகிப்துக்குப் போய்வருவது அவருடைய வழக்கம். அவர் பறந்த விமான நிறுவனமான மெட்ரோஜெட்டின் பெயரை முதலில் கேட்டதே அவர் வாயிலிருந்துதான்.

2014-இல் அவரை வழியனுப்ப புல்கோவோ விமான நிலையம் வரை போனேன். டூர் கம்பெனி விமானத்தை மொத்தமாகப் பிடித்து, அறை, சாப்பாடு, பயணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றுவிடும், இதுதான் சார்ட்டர். புறப்படும் நேரம் முந்தின நாள்தான் உறுதியாகும். வரிசையில் நின்ற கூட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கனத்த கோட்டுக்குள் கோடைச் சட்டை, கையில் குழந்தைகளின் நீச்சல் வளையம். சூரியனைப் பார்த்தே பல வாரமான ஊர் அது. அந்த மக்களுக்கு ஐந்து மணி நேரப் பயணத்தில் செங்கடல். பாபுஷ்கா திரும்பி வந்ததும், விமானம் தரையைத் தொட்டபோது எல்லோரும் கைதட்டினோம் என்று பூரித்துச் சொன்னார்.

மெட்ரோஜெட்டின் சட்டப்படியான பெயர் கோகலிமாவியா. மேற்கு சைபீரியாவில் கோகலிம் என்று ஓர் எண்ணெய் நகரம் இருக்கிறது. லூக்ஆயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனத்தின் பெயரில் வரும் 'க்' அந்த ஊரின் முதல் எழுத்துதான். 1993-இல் அங்கே தொடங்கிய நிறுவனம், சைபீரிய எண்ணெய் நகரங்களையும் மாஸ்கோவையும் இணைத்து, கோலாவியா என்ற பெயரில் பறந்தது. 2011 ஜனவரி 1 அன்று சுர்குத் விமான நிலையத்தில் அவர்களுடைய து-154 விமானம் ஓடுபாதைக்குப் போகத் தயாரானபோது தீப்பிடித்தது. 120 பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள், மூவர் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே து-154 விமானங்களை விட்டு ஏர்பஸுக்கு மாறினார்கள். 2012-இல் மெட்ரோஜெட் என்ற புதிய பெயரோடு, சுற்றுலா சார்ட்டர்தான் முழுநேர வேலை என்றானது.

2015 அக்டோபர் கடைசியில் பாபுஷ்கா எகிப்தின் செங்கடல் ஊரான ஹுர்காடாவுக்குக் கிளம்பினார். இந்தத் தடவை வேறு நிறுவனம். 31-ஆம் தேதி சனிக்கிழமை. எகிப்தின் இன்னொரு செங்கடல் ஊரான ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து புல்கோவோவுக்குக் கிளம்பிய மெட்ரோஜெட் 9268, கிளம்பிய 23-ஆவது நிமிடத்தில் ராடாரிலிருந்து மறைந்துவிட்டது என்ற செய்தி வந்தது. எகிப்து என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. அவர் போனது ஹுர்காடாவுக்கு, அவர் திரும்ப இன்னும் நாள் இருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரம் தோன்றவே இல்லை. அவருடைய போனுக்கு எத்தனை முறை அடித்தேனோ. மாலையில்தான் குரல் கேட்டது. இரண்டு பேரும் அழுதோம், பேசவில்லை.

விமானம் எகிப்தின் சினாய் பகுதியில் விழுந்திருந்தது. 217 பயணிகள், 7 ஊழியர்கள். 25 குழந்தைகள். யாரும் மிஞ்சவில்லை. ரஷ்ய விமான வரலாற்றில் அதைவிடப் பெரிய உயிரிழப்பு கிடையாது. புல்கோவோ வாசலில் பூக்களும் பொம்மைகளும் நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போயின. நானும் நான்கு கார்னேஷன் கொண்டுபோய் வைத்தேன். ரஷ்யாவில் இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள். அடுத்த ஞாயிறு புனித ஐசக் தேவாலய மணி 224 முறை அடித்தது. நான் எண்ணத் தொடங்கி நடுவில் விட்டுவிட்டேன், முடியவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த முதல் இரண்டு வாரமும் நாங்கள் எல்லோரும் அந்த நிறுவனத்தைத்தான் திட்டினோம். விமானத்துக்கு 18 வயது. 2001-இல் வேறொரு நிறுவனத்திடம் இருந்தபோது கெய்ரோவில் இறங்கும்போது வால் தரையில் உரசி, பழுது பார்த்திருக்கிறார்கள். ஊழியர்களுக்குச் சம்பளம் பாக்கி என்ற செய்தியும் வந்தது. சுர்குத் தீயையும் தோண்டி எடுத்தார்கள். நவம்பர் 2 அன்று நிறுவனத்தார் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றால் மட்டுமே இது நடந்திருக்க முடியும் என்றார்கள். தப்பிக்கப் பார்க்கிறார்கள் என்று வகுப்பில் நானே சத்தமாகச் சொன்னேன். நவம்பர் 17 அன்று ரஷ்ய உள்நாட்டு உளவு அமைப்பான எஃப்எஸ்பியின் தலைவர் போர்ட்னிகோவ் புதினிடம் சொன்னது நாடு முழுக்க ஒளிபரப்பானது: உள்ளே வைக்கப்பட்ட வெடிகுண்டு, அதன் வலிமை ஒரு கிலோ டிஎன்டி வெடிமருந்து வரை. ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு முதல் நாளே பொறுப்பேற்றிருந்தது. குளிர்பான டின் ஒன்றின் படத்தைப் போட்டு, இதில்தான் குண்டு வைத்தோம் என்று பிறகு அறிவித்தது.

இதற்கு நடுவே நவம்பர் 6 அன்று எகிப்துக்கான விமானங்களை ரஷ்யா நிறுத்தியது. அங்கிருந்தவர்களைக் கைப்பையோடு மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள், பெட்டிகள் தனி விமானத்தில் பின்னால் வந்தன. பாபுஷ்கா ஒரு சின்னத் துணிப்பையோடு வந்து இறங்கினார். பெட்டி வந்து சேரச் சில நாள் ஆனது. அதைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

மெட்ரோஜெட் மறுபடி எழவில்லை. பெயரே பயமாகிவிட்ட ஒரு நிறுவனத்தில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? மாஸ்கோவுக்கும் கெய்ரோவுக்கும் இடையே 2018-இல் விமானம் ஓடத் தொடங்கியது. ஷர்ம் எல் ஷேக்குக்கும் ஹுர்காடாவுக்கும் 2021 ஆகஸ்ட் வரை ஆனது. அதற்குள் கோகலிமாவியா இல்லாமல் போயிருந்தது.

சின்ன நிறுவனம், பழைய விமானம், அதனால்தான் விழுந்தது என்று இன்னும் சிலர் சொல்லக் கேட்கிறேன். நானும் அப்படிச் சொன்னவள்தான், அதனாலேயே கேட்கும்போதெல்லாம் திருத்துகிறேன். சுர்குத்தில் நடந்தது வேறு, சினாயில் நடந்தது வேறு. அந்த 7 ஊழியர்களும் தங்கள் வேலையைச் சரியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இறந்தவர்கள்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் பாபுஷ்காவோடு, பீட்டர்ஸ்பர்க்குக்குப் பக்கத்து ஊரான ஃப்சேவோலோஷ்ஸ்கில் இருக்கும் நினைவிடத்துக்குப் போனேன். குன்றின் மேல் வெள்ளையாக இரண்டு சிறகுகள். அவர் கையில் ஆறு பூக்கள், என் கையில் நான்கு. திரும்பும் வழியில், 2014-இல் தனக்குத் தேநீர் கொடுத்த விமானப் பணிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பெண் இப்போது எங்கே வேலை பார்க்கிறாளோ என்றார்.