ஸ்வாப்: தமிழில் என்ன? (நாளை காலை கெடு)

கருந்திரை:
நண்பர்களே, பழைய கணினியில் லினக்ஸ் நிறுவும் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். 512 எம்பி நினைவகம் உள்ள பெட்டிகளுக்கானது என்பதால், நினைவகம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடமான ‘ஸ்வாப்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: ஸ்வாப் பிரிவு, ஸ்வாப் கோப்பு, ஸ்வாப் நிரம்பிவிட்டது. இப்போதைக்கு ‘இடமாற்று’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

ஏட்டுச்சுவடி:
இடமாற்று என்றால் அலுவலக ஆணைதான் நினைவுக்கு வருகிறது. ‘மாற்றிடம்’ எனலாமே. மாற்றிய இடம், மாற்றுகின்ற இடம், மாற்றும் இடம். முக்காலத்துக்கும் பொருந்தும் அழகான வினைத்தொகை.

எளியன்:
கையேடு படிப்பவர் வினைத்தொகையா என்று பார்க்க மாட்டார் ஐயா. ‘மாற்று இடம்’ என்று படித்துவிட்டு, வேறு வட்டில் நிறுவச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். ஸ்வாப் என்றே விடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

முனையம்:
ஆங்கிலப் பெயரே இன்று பொருந்தாது என்பதையும் பார்க்க வேண்டும். பிடிபி-11 கணினிக் காலத்து யுனிக்ஸ் இயங்குதளம், ஓடும் நிரலை முழுசாகத் தூக்கி வட்டில் வைத்துவிட்டு, இன்னொன்றை உள்ளே கொண்டுவரும். அது உண்மையிலேயே ஆள் மாற்றம். 1979இல் வாக்ஸ் கணினிக்கு வந்த 3பிஎஸ்டி என்ற யுனிக்ஸ் பதிப்பில், நினைவகத்தைப் ‘பக்கம்’ எனும் சிறு துண்டுகளாகப் பிரித்து, பக்கம் பக்கமாக எடுத்து வைக்கும் முறை வந்துவிட்டது. லினக்ஸும் அப்படித்தான்: 386 சில்லில் ஒரு பக்கம் 4 கேபி. கொஞ்ச நேரமாக யாரும் தொடாத பக்கம் வட்டுக்குப் போகும், தேவைப்பட்டால் திரும்பும். நிரல் அதுபாட்டுக்கு இருக்கும். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தவறையும் சேர்த்தா மொழிபெயர்ப்பது? ‘ஒதுக்கிடம்’ என்று வையுங்கள்.

கருந்திரை:
நினைவகம் ‘ஒதுக்குதல்’ ஏற்கெனவே நிரலுக்குப் பங்கிட்டுத் தருவது என்ற வேறு பொருளில் இதே கையேட்டில் இருக்கிறதே!

எளியன்:
அப்படியானால் ‘பரண்’. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உடனே தேவைப்படாததை மேலே போடுகிறோம், வேண்டும்போது இறக்குகிறோம். ஏறி இறங்க நேரமாகும் என்பதும் சொல்லாமலே விளங்கும். பரணேற்றம், பரணிறக்கம் என்று வினைக்கும் சொல் கிடைக்கிறது.

ஏட்டுச்சுவடி:
பரண் நல்ல சொல். பரத்தல், பரப்பு, பரவை எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. ஆனால் தினைப்புனக் காவலுக்கு இட்டதும் பரண்தான். சங்கப் பாடல்களில் அதற்கு இதணம் என்று பெயர், கழுது என்றும் உண்டு. கிளி ஓட்டும் பெண் ஏறியிருக்கும் இடம். பொருள் மயங்காமல் இருக்க வேண்டுமானால் காவலுக்கு இதணம், சேமிப்புக்குப் பரண் என்று வரையறுத்துவிட்டு…

முனையம்:
ஐயா, கெடு நாளைக் காலை.

கருந்திரை:
இன்னொரு சிக்கல். நினைவகம் மிகவும் குறைந்துபோய், பக்கங்கள் வட்டுக்கும் நினைவகத்துக்கும் ஓயாமல் போய்வந்து, வேலை எதுவுமே நகராத நிலைக்கு என்ன சொல்வது? வட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்குமே, அது.

எளியன்:
அல்லாட்டம்.

ஏட்டுச்சுவடி:
ஒப்புகிறேன்.

முனையம்:
நானும். இதற்கு மட்டும் இரண்டே மடலில் தீர்ப்பு! அப்புறம் ஒரு சந்தேகம். லினக்ஸின் வெறும் முனையத்தில், அதாவது வரைகலை இல்லாத எழுத்துத் திரையில், தமிழ் ஒழுங்காக வராது. அங்கே 512 எழுத்துருவங்களுக்குத்தான் இடம், கொம்பையும் காலையும் அது பொருத்தாது. தமிழில் நிறுவ வரைகலைத் திரை வேண்டும், அதற்கோ கூடுதல் நினைவகம் வேண்டும். இந்தப் பெட்டிக்காரர் எப்படியும் ஆங்கிலத் திரையைத்தான் பார்க்கப்போகிறார்.

கருந்திரை:
அதனால்தான் கையேடு தமிழில் வேண்டும். திரையில் அவர் காணும் சொல்லும் பக்கத்தில் இருக்கட்டும். ‘இடமாற்றுப் பரப்பு’ என்று எழுதி, முதல் முறை வரும்போது ‘ஸ்வாப் எனப்படும்’ என்று சேர்த்து அனுப்புகிறேன். ஆட்சேபம் உண்டா?

முனையம்:
பிழையான பெயர்தான். போகட்டும், அனுப்புங்கள்.

ஏட்டுச்சுவடி:
‘பரப்பு’ இருக்கிறது, அதுவரை நிறைவு. நடுவில் வலி மிகுவதை மறந்துவிடாதீர்கள்.

எளியன்:
அனுப்புங்கள். என் பாடக் குறிப்பில் பரண் என்றே இருக்கும். ஸ்வாப் கோப்பு அங்கே பரண்கோப்பு.

ஏட்டுச்சுவடி:
பரண் கோப்பு என்று பிரித்து எழுத வேண்டாமா?