மறு: ஒளிமின்னுமிழ்வில் தற்சுழற்சி: முனைவா, முனைவாக்கமா?

வணக்கம்.

ஒளி பட்டு உலோகத்திலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) பற்றிய கலைச்சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையின் பதிவுகளை எல்லாம் ஒரே மூச்சில் படித்துவிட்டு எழுதுகிறேன். எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம்.

> ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவதைச் சுருக்கமாக ‘ஒளியுமிழ்வு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் ஐயா. ‘ஒளி உமிழும் டையோடு’ என்று பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது. அங்கே வெளிவருவது ஒளி. நம் பேச்சில் ஒளி உள்ளே போகிறது, எலக்ட்ரான் வெளியே வருகிறது. ஒரே தொகையை ஒரு பக்கத்தில் ‘ஒளியை உமிழ்தல்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘ஒளியால் உமிழ்தல்’ என்றும் விரிக்கச் சொன்னால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம்தான். ‘ஒளிமின் விளைவு’ ஊன்றிப்போன சொல். அதன் தம்பியாக ‘ஒளிமின்னுமிழ்வு’ இருக்கட்டும்.

> ‘தற்சுழற்சி’ என்பதே பிழை. எலக்ட்ரான் எதையும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

சுற்றவில்லைதான். 1925-இல் இயற்பியலர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்ற கருத்தைச் சொன்ன கையோடு, உண்மையாகவே சுழன்றால் எலக்ட்ரானின் விளிம்பு ஒளியை விஞ்சிய வேகத்தில் ஓட வேண்டியிருக்கும் என்று லோரன்ஸ் மறுப்புச் சொல்லிவிட்டார். ஆனாலும் எல்லா மொழியிலும் சுழற்சிப் பெயரே நிலைத்தது. இலங்கை வழக்கின் ‘கறங்கல்’ என்பதும் சுழல்தல்தான். புழங்கிவிட்ட சொல்லைப் பிடுங்கி நட வேண்டாம்.

இனி சிக்கலான இடம். எலக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒரு பக்கம் மிகுந்திருப்பதைச் சொல்லும் ‘ஸ்பின் போலரைசேஷன்’ என்பதற்கு வந்த முன்மொழிவுகள்: தற்சுழற்சித் தளவிளைவு, தற்சுழற்சி முனைவாக்கம், தற்சுழற்சிச் சாய்வு.

தளவிளைவை உடனே தள்ளிவிடலாம். அது ஒளிக்கென்று தமிழ்நாட்டுப் பாடநூல் தந்த சொல். மின்புலம் ஒரே தளத்தில் அதிர்வதைக் குறிப்பது. மின்புலம் வட்டமாகச் சுழலும் ஒளிக்கே ‘வட்டத் தளவிளைவு’ என்று எழுதும்போது, எந்தத் தளம் என்று கேட்கத் தோன்றும். எலக்ட்ரானுக்கோ அப்படி ஒரு தளமே கிடையாது. ஏதாவது ஓர் அச்சைத் தேர்ந்துகொண்டு, அதன் வழியே ‘மேல்’ எத்தனை, ‘கீழ்’ எத்தனை என்று எண்ணி, வேறுபாட்டைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். அவ்வளவுதான். சாய்வு அழகான சொல், ஆனால் கோட்டின் சரிவைக் குறிக்கக் கணிதக்காரர்கள் அதை முந்தி எடுத்துக்கொண்டார்கள்.

எஞ்சுவது முனைவாக்கம். பெரும்பாலோர் இதற்கே வாக்களித்திருக்கிறீர்கள். எனக்கும் மறுப்பில்லை, பாதிக்கு மட்டும். ‘ஆக்கம்’ என்று முடியும் சொல் யாரோ ஒருவர் செய்ததைச் சொல்கிறது. ஒளிமின்னுமிழ்வுக் கோட்பாட்டில் சண்டை நடப்பதே அங்கேதான்: இந்த எலக்ட்ரான் உலோகத்துக்குள் இருக்கும்போதே ஒரு பக்கம் முனைந்திருந்ததா, வெளியே இழுத்த ஒளி அதை முனையச் செய்ததா?

தங்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் படிக உட்பகுதி தலைகீழாக்கினாலும் மாறாத அமைப்பு கொண்டது, காந்தமும் இல்லை. அதனால் ஒவ்வோர் ஆற்றல் பட்டையிலும் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல்களின் தொகுதி) மேல், கீழ் இரண்டும் சரிசமம். பரப்பில் அந்தத் தலைகீழ்ச் சமச்சீர்மை போய்விடுகிறது: ஒரு பக்கம் அணுக்கள், மறுபக்கம் வெற்றிடம். 79 புரோட்டான் கொண்ட கருவுக்கு அருகே எலக்ட்ரான் பாய்வதால் தற்சுழற்சிக்கும் இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பும் வலுவானது. இரண்டும் சேர்ந்து, தங்கத்தின் (111) பரப்பில் (படிகத்தின் ஒரு குறிப்பிட்ட முகம்) பரப்புநிலைப் பட்டையை, அதாவது பரப்பை ஒட்டியே இருக்கும் எலக்ட்ரான்களின் பட்டையை, இரண்டாகப் பிளக்கின்றன. 1996-இல் ஒளிமின்னுமிழ்வு அளவீட்டில் இந்தப் பிளவு தெளிவாகத் தெரிந்தது. ஃபெர்மி மட்டத்துக்கருகே (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) ஏறத்தாழ 0.1 எலக்ட்ரான் வோல்ட். ராஷ்பா பெயரால் வழங்கும் விளைவு இது. செம்பிலும் இது உண்டு, ஆனால் கரு இலேசானதால் மிகவும் சிறியது.

எலக்ட்ரான்களின் இயக்கத்திசையையும் உந்தத்தையும் வரைபடமாக்கினால், பிளந்த பட்டைகள் ஃபெர்மி மட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். ஒரு வளையத்தில் தற்சுழற்சி வலஞ்சுழியாகத் தொடுகோட்டில் படுத்திருந்தால் மற்றதில் இடஞ்சுழி. இந்த எலக்ட்ரான்கள் எவராலும் ‘ஆக்கப்படாமல்’ தாமே ஒரு பக்கம் முனைந்து நிற்கின்றன. இதைத்தான் நான் ‘முனைவு’ என்கிறேன். ஒரு வளையம் முழுவதையும் கூட்டினால் விடை சுழி, ஏனென்றால் எதிரெதிர்த் திசையில் ஓடும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியும் எதிரெதிர். ஆகவே அகராதி விளக்கத்தில் ‘குறிப்பிட்ட இயக்கத்திசையில்’ என்ற தொடர் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் தங்கம் காந்தமாகிவிட்டது என்று யாராவது படித்துவிடுவார்கள்.

இப்போது எதிர்ப்பக்கம். காந்தமில்லாத உலோகப் பரப்பிலிருந்து செங்குத்தாக வெளிவரும் எலக்ட்ரான்களை மட்டும் பாருங்கள். அந்தத் திசையில் மேலும் கீழும் ஒரே ஆற்றலில் சமமாக இருக்கின்றன; உள்ளே முனைவு இல்லை. ஆனால் வட்டமாகச் சுழலும் ஒளியைப் பாய்ச்சினால் வெளிவரும் எலக்ட்ரான்கள் ஒரு பக்கம் முனைந்திருக்கக்கூடும். முனைவே இல்லாத சீசிய அணுக்களிலிருந்து வட்ட ஒளி முனைவுற்ற எலக்ட்ரான்களை எடுக்கும் என்று ஃபானோ 1969-இல் காட்டினார். இது முழுக்க ஒளியின் கைவேலை. ‘முனைவாக்கம்’ என்ற சொல் இதற்கு அச்சாகப் பொருந்துகிறது.

உருகு, உருக்கு, திரும்பு, திருப்பு என்று தன்வினையையும் பிறவினையையும் பிரித்தே பழகிய மொழி நம்முடையது. அந்த வேறுபாடு இயற்பியலுக்கே தேவைப்படும் இடத்தில் இரண்டையும் ஒரு சொல்லில் அடைக்க வேண்டுமா? வேதியியலார் வழியும் இதுதான். ‘முனைவுள்ள மூலக்கூறு’ நிலையைச் சொல்கிறது, மின்புலம் செய்வதோ ‘முனைவாக்கம்’. (முனைவர் பட்டத்தோடு குழம்பும் என்று ஒரு நண்பர் அஞ்சியிருந்தார். அந்தக் குழப்பத்தால் யாருக்கும் நட்டமில்லை.)

> கருவி அளப்பது ஒரே எண். இரண்டு சொல் எதற்கு?

நல்ல கேள்வி, அம்மா. கருவியைப் பார்த்தே பேசுவோம். தற்சுழற்சியை அளக்கும் மாட் உணரியில், வெளிவந்த எலக்ட்ரான்களைப் பல்லாயிரம் வோல்ட்டில் முடுக்கி மெல்லிய தங்கத் தகட்டில் மோதவிடுகிறார்கள். இடப்பக்கம் சிதறியவை 530, வலப்பக்கம் 470 என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறுபாடு 60, மொத்தம் 1000. இடவல வேறுபாடு 0.06. தகட்டின் பாகுபடுத்தும் திறன் (ஷெர்மன் சார்பு என்பார்கள்) 0.2 என்றால், 0.06-ஐ 0.2-ஆல் வகுக்க 0.3 வரும். அதாவது 30 விழுக்காடு. நீங்கள் சொல்லும் அந்த ஒற்றை எண் இதுதான். உள்ளே இருந்தது எவ்வளவு, வழியில் சேர்ந்தது எவ்வளவு என்று உணரி சொல்லாது. கோட்பாடுதான் சொல்ல வேண்டும்.

ஒளிமின்னுமிழ்வை விளக்கும் பழைய மூன்றுபடி மாதிரி (பெர்க்லண்டும் ஸ்பைசரும் 1964-இல் எழுதியது) ஒளியை உறிஞ்சுதல், பரப்பு வரை நடத்தல், வெளியேறுதல் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தது. ஆனால் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் மேலுள்ள சில அணு அடுக்குகளிலிருந்தே தன் ஆற்றலை இழக்காமல் தப்பி வருகிறது. நடக்கவே இடமில்லாத இடத்தில் ‘நடத்தல்’ தனிப் படியாக நிற்காது. 1970களில் வளர்ந்த ஒருபடி மாதிரி, அதிலும் 1976-இல் பெண்ட்ரி அமைத்த கணக்குமுறை, மூன்றையும் ஒரே குவாண்டம் நிகழ்வாக எடுத்துக்கொள்கிறது. இறுதி நிலையாக அது வைப்பது, உணரியிலிருந்து பரப்பை நோக்கி எய்த எலக்ட்ரான் அலையைக் காலத்தில் பின்னோக்கி ஓட்டிய வடிவம். இதைத் தற்சுழற்சியையும் சார்பியலையும் உள்ளடக்கிய டிராக் சமன்பாட்டின் வழியே எழுதினால், தொடக்க நிலை, ஒளியின் அதிர்வுத் திசை, பரப்பைக் கடக்கும் வழி ஒவ்வொன்றும் தற்சுழற்சியில் எப்படித் தலையிடுகிறது என்று, கணக்கில் ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து அறியலாம்.

தலையீடு சிறிதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். பிஸ்மத் செலினைடு குறைகடத்திதான், ஆனால் பரப்பு உலோகம்போல் கடத்தும். அதன் பரப்புநிலையிலிருந்து வரும் எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை, ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பியே தலைகீழாக்கலாம் என்று 2013-இல் சோதனை காட்டியது. உள்ளே இருந்த நிலை அப்படியே இருக்க, வெளிவந்தது மட்டும் மாறியது. ‘எலக்ட்ரானின் தற்சுழற்சி முனைவாக்கம் அளக்கப்பட்டது’ என்று ஒரு தமிழ்க் கட்டுரை எழுதினால், எதைச் சொல்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?

ஆகவே பட்டியலில் இப்படிப் பதியலாம் என்பது என் முன்மொழிவு:

பரப்புநிலை முனைவு: ஒளி படுவதற்கு முன், குறிப்பிட்ட இயக்கத்திசையில் பரப்பு எலக்ட்ரானுக்கு உள்ள தற்சுழற்சி மிகுதி.
ஒளிமின் முனைவாக்கம்: ஒளியும் பரப்பும் சேர்ந்து உமிழ்வின்போது தற்சுழற்சியில் செய்யும் மாற்றம்.
ஒளியெலக்ட்ரான் முனைவு: வெளிவந்தபின் உணரி அளப்பது.

சொற்கள் கொஞ்சம் நீளம்தான். மூன்று பெயரிலும் ‘தற்சுழற்சி’ விட்டுப்போயிருப்பதையும் யாராவது சுட்டிக்காட்டுவீர்கள். சேர்த்தால் மூச்சு முட்டுகிறது, சூழலே உணர்த்தும் என்று விட்டிருக்கிறேன். மறுப்பிருந்தால் குறுக்கிச் சொல்லுங்கள். ‘தற்சுழற்சி பிரித்தறி ஒளிமின்னுமிழ்வு’ (வெளிவரும் எலக்ட்ரான்களைத் தற்சுழற்சி வாரியாகப் பிரித்து அளக்கும் முறை) பற்றி இழையில் வந்த கேள்விக்குத் தனி இழையில் எழுதுகிறேன், அதில் ‘பிரித்தறி’ என்ற முன்னொட்டே எனக்கு உறுத்துகிறது.