பூனையின் பொடுகு: முதலில் குளிப்பாட்டுவதா, காரணத்தைத் தேடுவதா?

மாலைநிழல்:
பூனையின் முதுகில் வெள்ளைச் செதில்கள் தென்பட்டவுடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும் என்று இங்கே பலரும் அறிவுறுத்துவது மிகையானது என்பது என் கருத்து. காற்றில் ஈரப்பதம் குறைந்தாலே தோல் வறண்டு செதில் உதிரும், அது நோயன்று. வாரம் ஒருமுறை மென்மையான ஷாம்பு இட்டுக் குளிப்பாட்டி, சிறிது தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

கூர்விழி:
செதில் உடலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற கேள்வியையே நீங்கள் கேட்கவில்லை. வாலின் அடிப்பகுதியை ஒட்டிய கீழ்முதுகில் மட்டும் பொடுகு சேர்ந்திருந்தால், தோலை விட்டுவிட்டுப் பூனையின் இடுப்பையும் எடையையும் பார்க்க வேண்டும். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும்போதுதான் இறந்த செல்கள் நீங்கி, தோலின் இயற்கையான எண்ணெய் மயிர் முழுவதும் பரவுகிறது. உடல் பெருத்த பூனைக்கும் மூட்டுவாதம் வந்த முதிய பூனைக்கும் உடலை அவ்வளவு தூரம் வளைக்க முடியாததால், நாக்கு எட்டாத அந்த இடத்தில் செதில் தேங்கிவிடுகிறது. வலியை மறைப்பதில் பூனை கெட்டிக்கார விலங்கு என்பதால், வளர்ப்பவர் மாதக்கணக்கில் "வறண்ட தோலுக்கு" வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க, மூட்டு வலி கவனிக்கப்படாமலே போகிறது. இங்கே தேவைப்படுவது வலிக்கான சிகிச்சை, நாள்தோறும் மென்மையாகச் சீவிவிடுவது, படிப்படியான எடைக் குறைப்பு ஆகியவைதான். (பட்டினி போட்டு இளைக்க வைக்க யாரும் முயல வேண்டாம், பருத்த பூனை சில நாள்கள் உண்ணாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.) அடிக்கடி குளிப்பாட்டுவதோ, இருக்கிற எண்ணெயையும் கழுவிவிட்டு வறட்சியைக் கூட்டும்.

மாலைநிழல்:
நான் சொன்னது பூனைகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஷாம்புவை. எண்ணெயைப் பொறுத்தவரை, அது இயற்கையான பொருள். பூனை நக்கினாலும் கெடுதல் என்ன?

தாழ்வாரம்:
இயற்கையானது என்பதாலேயே ஒரு பொருள் பூனைக்கு ஏற்றதாகிவிடாது. மனிதப் பொடுகுக்குப் பலர் பரிந்துரைக்கும் தேயிலை மர எண்ணெயும் இயற்கையானதுதான்; பூனைக்கு அது நஞ்சு. தேங்காய் எண்ணெய் நஞ்சு அன்று என்றாலும், தடவிய சற்று நேரத்தில் பூனை அதை நக்கிவிடும், அளவு மிகுந்தால் வயிற்றுப்போக்கு வரும், எஞ்சியது மயிரில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். தோலுக்கு உதவும் ஒமேகா-3 அதில் இல்லை. ஆளி விதையில் ஒரு வகை ஒமேகா-3 உண்டு. ஆனால் அதைத் தனக்கு வேண்டிய வடிவத்துக்கு மாற்றும் திறன் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு என்பதால், மீன் எண்ணெய்தான் பொருத்தமானது. அதன் பலனைக் காண ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை காத்திருக்க வேண்டும். மீன் எண்ணெயும் மீன் ஈரல் எண்ணெயும் ஒன்றல்ல. ஈரல் எண்ணெயை நீண்ட காலம் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்புகளைப் பாதிக்கும்.

கூர்விழி:
ஒட்டுண்ணியைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. செய்லெட்டியெல்லா என்ற நுண்ணிய உண்ணி தோலின் மேற்பரப்பில் வாழ்ந்து செதில்களுக்கு அடியில் நகர்வதால், பொடுகே ஊர்வதுபோலத் தோன்றும். பூனை பல உண்ணிகளை நக்கி விழுங்கிவிடுவதால் சோதனையில் அவை அகப்படாமலும் போகலாம். ஒட்டும் நாடாவில் செதிலை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கமான முறை. அதே வீட்டில் இருப்பவர்களுக்குக் கைகளிலும் வயிற்றிலும் அரிக்கும் சிவப்புத் தடிப்புகள் தோன்றினால் ஐயம் வலுப்படுகிறது, அப்போது வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் சேர்த்தே சிகிச்சை அளிக்க வேண்டும். இதற்கென்று நாய்களுக்கான, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மருந்தைப் பூனையின் மீது ஊற்றினால் பூனை இறந்தே போகக்கூடும். படர்தாமரையும் செதிலாகத் தோன்றி மனிதருக்குத் தொற்றும். இவற்றுள் எதையும் வாராந்தரக் குளியல் தீர்க்காது.

மாலைநிழல்:
அரிப்பும் மயிர் உதிர்வும் புண்ணும் உள்ள பூனையை வீட்டிலேயே வைத்திருக்கச் சொல்லவில்லை. நன்றாக உண்டு விளையாடும் இளம் பூனைக்கு, மயிரில் சில செதில்கள் தெரிந்ததற்காக, கூண்டில் அடைத்து எடுத்துச் செல்லும் பயணமும் அந்நிய இடத்தின் அச்சமும் தேவையா என்பதே என் கேள்வி. இரண்டு மூன்று வாரங்கள் சீவிவிட்டு, உணவைச் சீராக்கிப் பார்ப்பதில் என்ன தவறு?

கூர்விழி:
அந்த இளம் பூனைக்கு, குளியலையும் எண்ணெயையும் விட்டுவிட்டு, நீங்கள் சொல்லும் இரண்டு மூன்று வாரங்களை நானும் தருவேன். ஆனால் பொடுகு அதிகம் காணப்படுவது முதிய பூனைகளில்தான். பத்து வயதைக் கடந்த பூனை முன்னைவிட அதிகமாக உண்டும் இளைத்துக்கொண்டே போய், மயிரும் பொலிவிழந்து செதில் படிந்திருந்தால், தைராய்டு மிகையாகச் சுரப்பதோ நீரிழிவோ காரணமாக இருக்கலாம். அதற்கு ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.